திரை காட்டாத எடை

திரைப்படம் பார்க்கும்போது திரையிலிருந்து நம்மை வந்தடைபவை எத்தனை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இரண்டே இரண்டுதான். ஒன்று ஒளி, மற்றொன்று ஒலி. திரையில் காடு பற்றி எரிந்தாலும் நமக்குச் சுடுவதில்லை. மழை கொட்டினாலும் நம் சட்டை நனைவதில்லை. ஒருவன் தன் நண்பனைத் தோளில் சுமந்து மலையேறினாலும் நம் தோள் வலிப்பதில்லை. வெப்பம், ஈரம், எடை ஆகிய எதுவும் திரையைத் தாண்டி வருவதில்லை.

நகைச்சுவைக் கதைக்கு இந்த இரண்டும் போதும். ஆனால் சாவின் விளிம்பிலிருந்து ஒருவர் மீண்டு வந்த உண்மைக் கதைக்கு இவை போதுமா? அத்தகைய படத்தைப் பார்த்துவிட்டு வருபவரிடம் கேட்டால், “நல்ல விறுவிறுப்பு, நேரம் போனதே தெரியவில்லை” என்பார். பதறினோம், கைதட்டினோம், வெளியே வந்து தேநீர் குடித்தோம், அத்தோடு சரி. படம் நம்மை மகிழ்வித்தது உண்மை. ஆனால் குழிக்குள் கிடந்தவனுக்கும் நாற்காலியில் அமர்ந்திருந்த நமக்கும் இடையே இருந்த தூரம் குறையவில்லை.

அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. அது உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அந்த வழி. திரையால் அனுப்ப முடியாத எடையையும் குளிரையும் காத்திருப்பையும் எண்களால் ஓரளவு அனுப்பிவிட முடியும். வாருங்கள், நமக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு முயன்று பார்ப்போம்.

மலைமேல் நடந்த கதை

2006ஆம் ஆண்டு, கேரளத்தில் கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மல் என்னும் ஊரைச் சேர்ந்த நண்பர்கள் சிலர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்தார்கள். மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகச் சென்றால் கொடைக்கானல் சுமார் 120 கிலோமீட்டர். 1985இல் திண்டுக்கல் மாவட்டம் தனியாகப் பிரியும் வரை அது நம் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஊராகவே இருந்தது.

அங்கே தூண் பாறைகளுக்கு அருகில் ஒரு குகைப் பகுதி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு ‘டெவில்ஸ் கிச்சன்’, அதாவது பேயின் அடுக்களை, என்று பெயர். 1991இல் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ படம் அங்கே படமாக்கப்பட்ட பிறகு, ‘குணா குகை’ என்னும் பெயரே நிலைத்துவிட்டது. விபத்துகள் பல நேர்ந்ததால், ஆபத்தான பகுதிகளுக்குள் செல்லக் கூடாதென்று தடை இருந்தது. அந்த நண்பர்கள் தடையைத் தாண்டி உள்ளே சென்றார்கள். சுபாஷ் என்பவர் பாறைகளுக்கு நடுவே இருந்த ஒரு துளைக்குள் விழுந்துவிட்டார். அவரை மீட்கக் கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கியவர், அவருடைய நண்பர் சிஜு டேவிட். சுபாஷைத் தம் உடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மேலே நின்றவர்கள் இழுக்க, அவர் மேலே வந்து சேர்ந்தார். இச்செயலுக்காகச் சிஜுவுக்கு ‘ஜீவன் ரக்ஷா பதக்’ விருது பின்னர் வழங்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு சிதம்பரம் என்பவர் இயக்கிய மலையாளப் படம்தான் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’. 2024 பிப்ரவரி 22இல் வெளியாகி, தமிழ்நாட்டிலும் கூட்டம் கூட்டமாக மக்கள் பார்த்த படம் அது. உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். படத்தில் வரும் குகையின் உட்புறம் பெரும்பாலும் செயற்கையாக அமைக்கப்பட்ட அரங்கம். கலை இயக்குநர் அஜயன் சாலிசேரி உண்மைக் குகையைப் போலவே அதை அமைத்திருந்தார். ஆபத்தான இடத்தில் கேமராவையும் விளக்கையும் தூக்கிக்கொண்டு போய்ப் படமெடுப்பது அறிவுடைமை ஆகாது. ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். படத்தில் நமக்குக் குழி தெரிகிறது. விளக்கு வைத்திருப்பதால் தெரிகிறது. உண்மையான குழியில் என்ன தெரியும்? விளக்கிலிருந்து தொலைவு பத்து மடங்கானால், வெளிச்சம் நூறில் ஒரு பங்காகிவிடும். இதுவே எதிர்விகித இருமடி விதி. 3 மீட்டரில் புத்தகம் படிக்கப் போதுமான ஓர் அரிக்கேன் விளக்கு, 30 மீட்டர் ஆழத்தில் நூறில் ஒரு பங்கு ஒளியைத்தான் தரும். வளைந்து செல்லும் பாறைச் சுவர்கள் அதையும் மறைத்துவிடும். மேலே நின்ற நண்பர்கள் பார்த்தது குழியை அன்று, வெறும் கறுப்பை.

குகை அல்ல, வெடிப்பு

‘குகை’ என்றதும் ஒரு வாசலும் ஒரு அறையும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இங்கே இருப்பது அத்தகைய குகை அன்று. பழனிமலையின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் மிகக் கடினமான பாறையால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே. அதிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது. சுண்ணாம்புப் பாறையைப் போல் இது நீரில் எளிதில் கரைவதில்லை. பூமிக்கடியில் ஆழத்தில் உருவாகிய பாறை, மேலிருந்த சுமை அரித்துச் செல்லப்பட்டதும், அழுத்தம் குறைந்து வெடிப்புவிடுகிறது. அந்த வெடிப்புகளில் மழைநீர் புகுந்து, மண் அரித்து, மரவேர் நுழைந்து, பல்லாயிரம் ஆண்டுகளில் பிளவுகள் அகலமாகின்றன. இப்படிப் பிளந்து நிற்பவைதாம் அருகில் காணும் தூண் பாறைகள். அவை 122 மீட்டர் உயரமுடையவை.

ஆகவே அங்கே தரை என்று நாம் நினைப்பது உண்மையில் தரை அன்று. செங்குத்தான இரு பாறைகளுக்கு நடுவே சிக்கிய கற்களும், வேர்களும், இலைச்சருகும் சேர்ந்து போட்ட மூடி. ஓரிடத்தில் மூடி உறுதியாக இருக்கும்; அடுத்த அடியில் இராது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தோன்றும்.

இரண்டரை வினாடி

ஒரு கணக்குக்காக, ஒருவர் 30 மீட்டர் ஆழத்துக்குத் தடையின்றி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட உயரம் இது. விழ ஆகும் நேரம் என்ன? தொலைவை இரண்டால் பெருக்கி, புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் காணுங்கள். விடை ஏறத்தாழ 2.5 வினாடி. அடியைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 24 மீட்டர். அதாவது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு நான்குவழிச் சாலையில் விரையும் ஒரு பேருந்தின் வேகம்.

“பக்கத்தில் நிற்பவர் பிடித்துக்கொள்ளலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். நம் கண் ஒன்றைக் கண்டு, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி ஆகும். அதற்குள் விழுபவர் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடுவார். அரை வினாடி கழித்து நாம் கையை நீட்டும்போது அவர் 1.2 மீட்டர் கீழே இருப்பார், கைக்கு எட்டமாட்டார். நண்பன்மீது நமக்கு எவ்வளவு அன்பு இருந்தாலும் இந்த அரை வினாடிக் கணக்கு மாறுவதில்லை.

அடுத்து, விழுந்தவர் எப்படி உயிர் பிழைக்கிறார்? விழுவதால் எவரும் இறப்பதில்லை, நிற்பதால்தான் இறக்கிறார்கள். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தொலைவால் வகுத்தால், உடல்மீது பாயும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். 30 மீட்டர் விழுந்து, 10 சென்டிமீட்டர் தொலைவில் நின்றால் 300 மடங்கு! எந்த எலும்பும் இதைத் தாங்காது. அதே 30 மீட்டரை ஒரே வீழ்ச்சியாக இல்லாமல், மூன்று மூன்று மீட்டராகப் பத்து வீழ்ச்சிகளாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 30 மடங்குதான். அதுவும் கொடியதே, எனினும் சாவுக்கும் காயத்துக்கும் இடையே ஓர் இடைவெளி பிறக்கிறது. சுவரோடு உராய்ந்து சறுக்கினால் இன்னும் நல்லது. ஆற்றலின் ஒரு பகுதி உராய்வில் வெப்பமாகக் கழிந்துவிடும்.

பிளவு அகலமாக இருந்திருந்தால் அதில் விழுந்தவர் பிழைப்பது அரிது. அது குறுகலாகவும் கோணலாகவும் இருந்தது. இடையில் உடல் சிக்கி நிற்க ஓர் இடமும் இருந்தது. ஒளியை மறைத்த அதே குறுகல்தான் உயிரையும் காத்தது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். இன்னொருவர் விழுந்தால் இதே போல் நடக்கும் என்பதற்கு எந்த விதியும் துணை நிற்காது.

வடம் பிடித்தவர்கள்

படத்தின் தொடக்கத்தில் நண்பர்கள் வடம் இழுக்கும் போட்டியில் கலந்துகொள்கிறார்கள். பின்னர் குழியருகே அதே கைகள் கயிறு பிடிக்கின்றன. மதுரைக்காரர்களாகிய நமக்கு வடம் புதிதன்று. சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் தேர் வடத்தைப் பிடித்திருப்பவர்களுக்கு, பலர் சேர்ந்து இழுப்பது என்றால் என்ன என்பது நன்றாகத் தெரியும். இனி, குழியருகே வடத்தின் கணக்கைப் பார்ப்போம்.

கயிற்றில் தொங்குபவர்கள் இருவர். ஒருவர் 60 கிலோ, மற்றவர் 65 கிலோ என்போம். நனைந்த உடைகளுக்கும் கயிற்றுக்கும் சேர்த்து 10 கிலோ. மொத்த நிறை 135 கிலோ. இதை 9.8ஆல் பெருக்கினால் எடை சுமார் 1320 நியூட்டன்.

மேலே நிற்பவர் ஒருவர் எவ்வளவு விசையுடன் இழுக்க முடியும்? அதைத் தீர்மானிப்பது அவருடைய புஜபலம் என்று நினைக்கிறோம். அப்படியன்று, அவருடைய கால்தான். கால் வழுக்கினால் எந்த பயில்வானாலும் இழுக்க முடியாது. 60 கிலோ நிறையுள்ள ஒருவர் நனைந்த பாறைமேல் நிற்கிறார், உராய்வுக் குணகம் 0.4 என்று கொண்டால், கால் வழுக்காமல் அவர் இழுக்கக்கூடிய விசை சுமார் 235 நியூட்டன். 1320ஐ 235ஆல் வகுத்துப் பாருங்கள். 6 பேர் போதும் போலத் தோன்றுகிறது.

ஆனால் கயிறு நேராக மேலே வரவில்லை. குழியின் விளிம்பில் பாறைமேல் மடங்கி, பக்கவாட்டில் திரும்புகிறது. அங்கே உராய்வு குறுக்கிடுகிறது. கயிறு ஒரு வளைவில் எவ்வளவு திரும்புகிறதோ, அதற்கேற்ப இழுக்க வேண்டிய விசை மடங்கு மடங்காகக் கூடும். கயிறு செங்கோணத்தில் திரும்புகிறது, உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், விசை 2.2 மடங்காகிறது. 1320 நியூட்டன் இப்போது சுமார் 2900 நியூட்டன்! 6 பேர் செய்திருக்க வேண்டிய வேலைக்கு 13 பேர் தேவை. அந்த 2900 நியூட்டனையும் தாங்கிக்கொண்டு, கயிறு கூரான பாறை விளிம்பில் தேய்கிறது. நம் ஊர்ப் பழைய கிணறுகளில் கைப்பிடிச் சுவர்க் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? நீர் இறைத்த கயிறு கல்லையே அறுத்துத் தடம் பதித்திருக்கும். கல்லை அறுக்கும் உராய்வு கயிற்றை விட்டுவைக்குமா?

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கமலை கட்டி நீர் இறைத்த காலத்தில், வடம் கிணற்று விளிம்பில் உரசாமலிருக்க உருளும் சக்கரத்தை வைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கி நடந்ததால் அவற்றின் எடையும் இழுப்புக்கு உதவியது. இன்றும் மீட்புப் பணியாளர்கள் கப்பியைப் பொருத்துகிறார்கள். இல்லாவிட்டால் விளிம்பில் சாக்கையோ, பழைய டயரையோ, உருண்டைக் கட்டையையோ போட்டு அதன்மேல் கயிற்றை ஓட விடுகிறார்கள்.

உராய்வு பகைவன் மட்டுமா? இல்லை. இழுப்பதை நிறுத்திவிட்டு, சற்று இளைப்பாறக் கயிற்றைப் பிடித்தபடி நின்றால், உராய்வு உடனே கட்சி மாறி நம் பக்கம் வந்துவிடுகிறது. முன்பு 2.2ஆல் பெருக்கினோம், இப்போது 2.2ஆல் வகுக்க வேண்டும். 1320ஐ 2.2ஆல் வகுத்தால் 600 நியூட்டன். 3 பேர் பிடித்தாலே போதும், இருவரும் கீழே போகமாட்டார்கள். இழுக்க 13 பேர். தாங்க 3 பேர். இந்த வேறுபாடு தெரிந்தால், கூட்டமாகக் கயிறு பிடிப்பவர்கள் ஏன் “ஏலேலோ” என்று குரல் கொடுத்து, விட்டு விட்டு இழுக்கிறார்கள் என்பது விளங்கும். எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் 2900 நியூட்டன் சேரும். இழுப்புக்கு இடையே மூச்சு வாங்கிக்கொள்ளப் பாறையே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இதை உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நீங்களே சோதிக்கலாம். ஒரு வழுவழுப்பான மரக்கம்பைக் கிடையாகப் பொருத்துங்கள். அது சுழலக் கூடாது. ஒரு நூலில் 1 கிலோ எடைக்கல்லைக் கட்டி, நூலைக் கம்பின்மேல் போட்டு, மறுமுனையைச் சுருள்வில் தராசில் மாட்டுங்கள். கல்லை மெதுவாக மேலே இழுக்கும்போது தராசு காட்டும் அளவைக் குறியுங்கள். அது 1 கிலோவுக்கு மேல் இருக்கும். மெதுவாக இறங்க விடும்போது காட்டும் அளவையும் குறியுங்கள். அது 1 கிலோவுக்குக் குறையும். இப்போது இரண்டு எண்களையும் பெருக்குங்கள். விடை 1க்கு மிக அருகில் வரும்! ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டு விவாதியுங்கள்.

மதுரை வெயிலும் மலைக் குளிரும்

எடையைக் கண்டோம். திரை அனுப்பாத இரண்டாவது பொருள் குளிர். கடல்மட்டத்திலிருந்து மதுரையின் உயரம் 100 மீட்டரைச் சற்றே தாண்டும். குகைப் பகுதியோ 2200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் உள்ளது. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே அங்கே மதுரையைவிட 13 டிகிரிக்கும் மேலாகக் குறைவு. வெயில் புகாத பாறை வெடிப்பில் பகலிலும் சில்லென்று இருக்கும்.

அன்று மழையும் பெய்தது. மேட்டிலிருந்து வடிந்த நீர் அதே துளைக்குள் இறங்கியது. நனைந்த உடைக்கும் உடல் வெப்பத்துக்கும் உள்ள கணக்கைப் பாருங்கள். ஒருவருடைய உடை 1 லிட்டர் நீரைக் குடித்திருக்கிறது என்போம். அந்த நீர் ஆவியாக வேண்டுமானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. அசையாமல் இருக்கும் மனித உடல் வினாடிக்குச் சுமார் 100 ஜூல் வெப்பத்தையே உண்டாக்குகிறது. ஒரு பழைய 100 வாட் குண்டு பல்பைப் போல. 24 லட்சத்தை 100ஆல் வகுத்தால் 24,000 வினாடி. ஏறத்தாழ 6 மணி 40 நிமிடம். அதாவது அவ்வளவு நேரமும் உடல் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் சட்டையை உலர்த்துவதற்கே செலவிட வேண்டியிருக்கும். உடலுக்கென்று மிச்சம் எதுவும் இராது.

உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி. அது 35க்குக் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம், தடுமாற்றம், பின்னர் நினைவு மங்கல். 60 கிலோ உடல் 2 டிகிரி குளிர, சுமார் 4 லட்சத்து 20 ஆயிரம் ஜூல் வெப்பம் வெளியேறினால் போதும். உண்டாகும் வெப்பத்தைவிட இழக்கும் வெப்பம் வினாடிக்கு 100 ஜூல் கூடுதலாக இருந்தால், இதற்கு ஆகும் நேரம் 70 நிமிடம்!

சித்திரை வெயிலில் வேர்வை உலரும்போது நமக்கு ‘அப்பாடா’ என்றிருக்கிறதே, மண்பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கிறதே, அதற்கும் காரணம் இதே ஆவியாதல்தான். மதுரையில் நம்மைக் காக்கும் அதே விதி, மலைமேல் காயத்துடன் கிடப்பவரின் உயிரை வினாடிக்கு வினாடி உறிஞ்சுகிறது.

வெட்டி எறியப்பட்ட நேரம்

மூன்றாவது பொருள், காத்திருப்பு. படம் இரண்டேகால் மணி நேரத்தில் முடிகிறது. சுற்றுலாவும் பாட்டும் கேலியும் அதற்குள்ளேயே அடக்கம். படத்தொகுப்பாளர் கத்தரிக்கோலை எடுத்து, ஒன்றும் நடக்காத நிமிடங்களை வெட்டி எறிந்துவிடுகிறார். அவர் வேலை அது. ஆனால் மீட்பு என்பதில் பெரும்பகுதி, ஒன்றும் நடக்காத நிமிடங்கள்தாம். ‘பதில் வருகிறதா?’ என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நிமிடங்கள். நாம் மேலே கண்ட 70 நிமிடக் கணக்கு, வெட்டப்பட்ட அந்த நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1989 நவம்பரில் மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, 65 தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் என்பவர், மேலிருந்து துளையிட்டு, ஓர் ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டைக் கயிற்றில் இறக்கி, அவர்களை ஒருவர் பின் ஒருவராக மேலே ஏற்றினார். தாமே அந்தக் கூண்டில் கீழே சென்றார். இதுவும் ‘மிஷன் ராணிகஞ்ச்’ என்னும் பெயரில் 2023இல் இந்திப் படமாக வந்தது. 65 பேர் ஒருவர் பின் ஒருவராக என்றால், அறுபத்தைந்தாவது ஆள் தமக்கு முன் 64 முறை கூண்டு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். படத்தில் அது சில காட்சிகள். அவருக்கு அது எவ்வளவு நீண்ட நேரம்!

திரைக்கும் நமக்கும் உள்ள இந்தத் தூரம் வெறும் ரசனை பற்றிய விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வெளியான சில நாட்களிலேயே, தடுப்பைத் தாண்டிக் குணா குகைக்குள் நுழைந்த இளைஞர்கள் மூவரை வனத்துறையினர் கைது செய்தார்கள். சாவின் வாயிலிருந்து ஒருவர் தப்பிய கதையைப் பார்த்த பிறகும், அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் சிலருக்குப் பிறந்தது! ஒளியும் ஒலியும் அவர்களை வந்தடைந்தன. எடை வந்தடையவில்லை.

சமவெளியின் குழிகள்

“நாங்கள் கொடைக்கானலுக்கே போகவில்லை, எங்களுக்கு என்ன?” என்று யாரேனும் நினைத்தால், நம் சமவெளியைச் சற்று சுற்றிப் பாருங்கள். மலையில் இயற்கை வெட்டிய பிளவுகள் என்றால், இங்கே நாமே தோண்டிவைத்த துளைகள் இருக்கின்றன. அவைதாம் தண்ணீர் கிடைக்காததால் கைவிடப்பட்ட ஆழ்குழாய்க் கிணறுகள்.

2019 அக்டோபர் 25ஆம் நாள், திருச்சி மாவட்டம் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், பயன்பாட்டில் இல்லாத ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று விழுந்துவிட்டது. முதலில் சுமார் 26 அடி ஆழத்தில் சிக்கியிருந்த குழந்தை, பின்னர் 88 அடி வரை நழுவிச் சென்றது. பக்கத்தில் மற்றொரு குழி தோண்டி உள்ளே செல்ல முயன்றார்கள். அடியில் இருந்த கடினப் பாறை இயந்திரங்களைத் தாமதப்படுத்தியது. 80 மணி நேரத்துக்கும் மேலாக முயற்சி நடந்தது. அந்த ஆண்டுத் தீபாவளியன்று தமிழ்நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தது. 29ஆம் நாள் அதிகாலையில் குழந்தையின் உடல்தான் வெளியே வந்தது.

மேலே பார்த்த கணக்குகள் எல்லாம் இங்கும் அவ்வாறே பொருந்தும். ஒரே ஒரு வேறுபாடுதான். ஆழ்குழாய்க் கிணற்றின் வாய் பொதுவாக ஒரு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும். கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கத் துணிந்த நண்பர்கள் ஆயிரம் பேர் மேலே நின்றாலும், இறங்க வழியில்லை. குழந்தையைத் தாங்கிக்கொண்டிருப்பது சுவரின் உராய்வு மட்டுமே. ஈரம் பட்டாலும் நிலம் அதிர்ந்தாலும் அந்த உராய்வு குறையும். இங்கே வீரத்துக்கு வேலையில்லை. விழாமல் தடுப்பது ஒன்றே வழி.

அந்த வழி மிக எளியது, மிக மலிவானது. உச்ச நீதிமன்றம் 2010இலேயே விதிமுறைகளை வகுத்துக் கொடுத்திருக்கிறது. கிணறு தோண்டும் இடத்தைச் சுற்றி வேலியும் எச்சரிக்கைப் பலகையும் வைக்க வேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை மண், மணல், கல் கொண்டு அடியிலிருந்து தரை வரை நிரப்ப வேண்டும். 13 பேர் வடம் பிடித்துச் செய்ய முடியாததை ஒரு மூடி செய்துவிடும்.

ஆகவே நண்பர்களே, இரண்டு வேலைகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவில் கொடைக்கானலுக்குச் சென்றால், குணா குகையின் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று பாருங்கள். கூட வந்த நண்பன் தடுப்பில் கால் வைத்தால், “அரை வினாடியில் ஒன்றேகால் மீட்டர்” என்று அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கையைப் பிடித்து இழுங்கள். இரண்டாவது, வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரிலும் வயல்வெளியிலும் மூடாமல் கிடக்கும் ஆழ்குழாய்க் கிணறு ஏதேனும் உண்டா என்று நான்கைந்து பேராகச் சேர்ந்து பாருங்கள். இருந்தால் அருகே செல்லாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடமும் ஊராட்சி அலுவலகத்திலும் அன்றே சொல்லுங்கள். மூடப்படும் வரை விடாமல் கேளுங்கள்.

அதைப் பற்றி யாரும் படமெடுக்கமாட்டார்கள். பரவாயில்லை. எந்தக் குழந்தையும் விழாத கிணற்றைப் பற்றிப் படமெடுக்க என்ன இருக்கிறது!